2கே ப்ரைமர் ஃபெண்டரில் மட்டும் சுருங்குகிறது, பானெட்டில் குழி விழுகிறது. எங்கே தப்பு?

நாகை800:

வணக்கம். என் 2006 மாருதி 800-க்கு (வெள்ளை) வீட்டு வாசலில் வைத்து நானே பெயிண்ட் வேலை பார்க்கிறேன். கடற்காற்று உபயத்தில் இடது முன் ஃபெண்டரில் ஹெட்லைட்டுக்கு மேலேயும் சக்கர வளைவிலும் துரு. பானெட்டில் துரு இல்லை, வெயிலில் நிறம் செத்துப் போயிருக்கிறது.

ஃபெண்டரைத் தகரம் தெரியும் வரை 80 நம்பர் எமரியால் தேய்த்துப் பட்டி வைத்தேன். காய்ந்ததும் 120, 220 போட்டுச் சமமாக்கினேன். பானெட்டை 320-ல் தேய்த்தேன். எல்லாவற்றையும் பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு, 2கே சர்ஃபேசரில் (கலருக்கு முன் அடிக்கும் ப்ரைமர், ஹார்டனர் கலந்தால்தான் இறுகும்) ஹார்டனர் கலந்து அடித்தேன். முதல் கோட் அருமை. இரண்டாவது கோட் அடித்துப் பத்து நிமிடத்தில், பட்டியைச் சுற்றி, ஆறுகிற பாலில் ஆடை சுருங்குமே, அதே மாதிரி சுருங்கிக்கொண்டே போனது. பானெட்டில் சுருக்கமில்லை. ஆனால் ஏழெட்டு இடத்தில் மிளகு அளவுக்குக் குழி, நடுவில் பழைய வெள்ளை தெரிகிறது.

ப்ரைமர் போலியா? கடையில் போய்ச் சண்டை போடலாமா? ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.

வெள்ளை_ஓம்னி:

ஈரப்பதம்தான் காரணம். மேலே இன்னொரு கோட் கனமாக அடித்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பர் போட்டால் சமமாகிவிடும்.

பழைய டிங்கர்:

தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சுருங்கியதன் மேல் கனமாக அடித்தால் இன்னும் சுருங்கும், இல்லாவிட்டால் மேலே காய்ந்து உள்ளே கொழகொழவென்று கிடக்கும்.

ஈரம்தான் காரணம் என்றால் பானெட்டும் சுருங்கியிருக்க வேண்டும். ஒரே டப்பா, ஒரே ஸ்ப்ரே கன், ஒரே நாள். அதனால் டப்பாவையும் சந்தேகப்பட வேண்டாம், கடைக்காரர் பிழைத்துப் போகட்டும். ஃபெண்டரில் இருக்கிற, ஆனால் பானெட்டில் இல்லாத பொருள் எது என்று பாருங்கள்.

தம்பி, தகரத்துக்கும் பட்டிக்கும் நடுவில் ஏதாவது அடித்தீர்களா? ஃபெண்டர் முன்னாலேயே ரீபெயிண்ட் ஆனதா? என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த துணியை இரண்டு இடத்திலும் (ப்ரைமரைச் சுரண்டிவிட்டு, அடியில் உள்ள பெயிண்டின் மேல்) ஒரு நிமிடம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். என்.சி. பெயிண்ட் என்றால் கரைந்து துணியில் நிறம் ஒட்டும். சிந்தெடிக் எனாமல் என்றால் உப்பிச் சுருங்கும். கம்பெனி பெயிண்ட்டோ நன்றாக இறுகிய 2கே-யோ அசையாது.

நாகை800:

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தகரத்தை ராத்திரி வெறுமனே விட மனமில்லாமல், வாசல் கேட்டுக்கு வாங்கி மிச்சமிருந்த ரெட் ஆக்சைடை பிரஷ்ஷால் ஒரு கை இழுத்துவிட்டேன். மறுநாள் அதன் மேலேதான் பட்டி. ப்ரைமர்தானே என்று நினைத்தேன், அதனால் இங்கே எழுதவும் தோன்றவில்லை.

தின்னர் துணி வைத்தேன். பானெட் அசையவில்லை. ஃபெண்டரில் சிவப்பு தோலாக உரிந்து வந்துவிட்டது.

பழைய டிங்கர்:

அதுதான். கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பெரும்பாலும் சிந்தெடிக் வகை, எண்ணெய்க் குடும்பம். காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். மறுநாள் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், முழுதாக இறுகப் பல நாள் ஆகும். அதன் மேல் 2கே போட்டால் அதன் தின்னர் காரம் உள்ளே இறங்கி அந்தத் தோலை ஊறவைக்கும். ஊறிய தோல் விரியப் பார்க்கும், இடமில்லை, சுருங்கும். முதல் கோட் லேசாக அடித்ததால் தின்னர் பறந்துவிட்டது. இரண்டாவது கோட் ஈரமாக விழுந்ததும் வேலையைக் காட்டிவிட்டது.

கேட்டுக்கு அது நல்ல பொருள், குறை சொல்லவில்லை. மேலே எனாமல் அடிப்பதோடு சரி.

இனி கஷ்டமான சேதி: பட்டியையும் எடுக்க வேண்டும். அதுவும் அந்தச் சிவப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இன்று விட்டுவைத்தால் ஆறு மாதத்தில் ஓரம் தூக்கும்.

நாகை800:

பட்டியையுமா? இரண்டு நாள் வேலை அண்ணே.

பழைய டிங்கர்:

பட்டியையும்தான். கலர் அடித்த பிறகு தெரிந்திருந்தால் இரண்டு வாரம் போயிருக்கும். ஸ்க்ரேப்பரும் 80 நம்பரும் போதும். தகரம் தெரிந்ததும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சக்கர வளைவை அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் பட்டி வைத்து மூடாதீர்கள். இந்த வண்டியில் முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கழற்றிவிட்டு வேறு மாட்டலாம்.

உப்புக்காற்று:

நானும் கடலோரம்தான். தகரம் தெரிந்த அன்றே எபாக்சி ப்ரைமர் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். ஹார்டனர் கலந்து இறுகுவது, ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ராத்திரி வெறும் தகரமாக விட்டால் எங்கள் ஊரில் காலையில் செம்மண் தூவிய மாதிரி இருக்கும். கை வியர்வை பட்டாலே போதும். பட்டியை எபாக்சியின் மேல் வையுங்கள்.

பழைய டிங்கர்:

நான் முப்பது வருடமாகத் தகரத்தில்தான் நேரடியாகப் பட்டி வைக்கிறேன், 80 நம்பர் கீறல் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நான் ஒரே நாளில் மூடிவிடுவேன். வாசலில் வைத்து விட்டு விட்டு வேலை பார்க்கிறவருக்கு எபாக்சி முறைதான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். எத்தனை மணி நேரத்துக்குள் அடுத்ததை வைக்கலாம் என்று டப்பாவில் இருக்கும். அது தாண்டினால் ஒருமுறை கீறிவிட்டு வையுங்கள்.

பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள், குடித்துவிடும். உலர்வாக 80, 120, 180. ஓரங்களை 240, 320-ல் இழையுங்கள். விரலால் தடவினால் படி தெரியக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கள், கண் ஏமாற்றும்.

கம்ப்ரசர்_கிறுக்கன்:

பானெட் குழிகளை எல்லாரும் மறந்துவிட்டீர்களா? அது சிலிகான் வேலை மாதிரி இருக்கிறது. டேஷ்போர்டு பளபளப்புக்கு அடிக்கும் ஸ்ப்ரே, கார் பாலிஷ் ஏதாவது போடுவீர்களா?

நாகை800:

மாதம் ஒருமுறை பாலிஷ் போடுவேன். அதனால்தான் பெட்ரோல் போட்டுத் துடைத்தேன்.

கம்ப்ரசர்_கிறுக்கன்:

பெட்ரோல் அதை எடுக்காது, பானெட் முழுக்கத் தடவிவிடும், போதாததற்குத் தன் எண்ணெய்ப் பிசுக்கையும் விட்டுப்போகும். பெயிண்ட் கடையில் மெழுகு, கிரீஸ் எடுக்கும் திரவம் கேளுங்கள். நனைத்த துணி ஒரு கையில், உலர்ந்த துணி மறு கையில். நனைத்துத் துடைத்த இடத்தை அது ஆவியாவதற்குள் உலர்ந்ததால் எடுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் எமரி தொட வேண்டும். இல்லாவிட்டால் பாலிஷைக் கீறலுக்குள்ளேயே தேய்த்து இறக்கிவிடுவீர்கள். அடிப்பதற்கு முன் இன்னொரு முறை.

கம்ப்ரசர் டேங்கில் தண்ணீரை வடித்தீர்களா? கன்னில் பெயிண்ட் இல்லாமல், சுத்தமான கண்ணாடித் துண்டின் மேல் ஒரு நிமிடம் காற்று விட்டுப் பாருங்கள். பொட்டு பொட்டாக வந்தால் தண்ணீரோ எண்ணெயோ வருகிறது, வடிகட்டி மாட்டாமல் அடிக்காதீர்கள்.

உப்புக்காற்று:

இதையும் சொல்லிவிடுகிறேன். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. வாசனையை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. துணி முகமூடியோ தூசி மாஸ்க்கோ இதற்குப் பிரயோஜனமே இல்லை. வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. அது கிடைக்காவிட்டால் 2கே அடிக்கிற வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், கூலி பெரிதாக வராது. வீட்டில் குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டியதில்லை.

நாகை800 (பன்னிரண்டு நாள் கழித்து):

எல்லாவற்றையும் உரித்தேன். பட்டிக்கு அடியில் சிவப்பு இன்னும் நகத்தில் ஒட்டியது. சக்கர வளைவு கெட்டியாகத்தான் இருந்தது, ஃபெண்டரை மாற்றவில்லை. தெரிந்த பட்டறையில் எபாக்சியும் பிறகு சர்ஃபேசரும் அடித்துக் கொடுத்தார்கள், நடுவில் தேய்ப்பது எல்லாம் நான். சுருக்கமும் இல்லை, குழியும் இல்லை. கறுப்பு ஸ்ப்ரேயைத் தூசி மாதிரி தூவிவிட்டுக் கட்டையில் பேப்பர் சுற்றி 400-ல் தேய்த்தேன். கறுப்பு போகாமல் நின்ற இரண்டு இடம் பள்ளம் என்று தெரிந்தது. அங்கே கொஞ்சம் பட்டி, பட்டறையில் மறுபடி சர்ஃபேசர், பிறகு 600.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. கலரைத் தை மாதம் அடித்துக்கொள்ளலாமா, அதுவரை இப்படியே ஓட்டலாமா?

பழைய டிங்கர்:

கலரைத் தள்ளிப் போடலாம், சர்ஃபேசரோடு மழையில் நிறுத்தக்கூடாது. அது பஞ்சு மாதிரி, ஈரத்தை உறிஞ்சும். நாளைக்குக் கலர் பொங்கி நிற்கும். ஷெட் இருந்தால் கவர் போடாமல் உள்ளே நிறுத்துங்கள், கவருக்குள் ஈரம் தங்கும். ஷெட் இல்லை என்றால் இரண்டு நாள் வெயில் பார்த்துக் காயவிட்டு, அந்தப் பட்டறையிலேயே எபாக்சி ஒரு கோட் அடித்து மூடிவிடுங்கள். தையில் 600 போட்டுக் கீறிவிட்டு வெள்ளை அடிக்கலாம்.