எக்ஸ்-ஃபைல்ஸ் இரண்டாவது படம் (2008): அந்த 2012 தேதி என்ன ஆனது?

கேள்வி:
மோல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்பிஐ ஏஜெண்டுகள் விசித்திர வழக்குகளைத் துப்பறியும் எக்ஸ்-ஃபைல்ஸ் தொடரின் 9 சீசனையும் முடித்த கையோடு, இரண்டாவது படமான ‘ஐ வான்ட் டு பிலீவ்’ பார்த்தேன். வேற்றுக்கிரகவாசிகளும் இல்லை, அரசாங்கச் சதியும் இல்லை. கடைசி எபிசோடில் வேற்றுக்கிரகவாசிகள் படையெடுக்கும் நாள் 22 டிசம்பர் 2012 என்று அவ்வளவு அழுத்திச் சொன்னார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையா? நீளமான பதிப்பு ஏதாவது இருக்கிறதா?

பதில் 1:
அந்தத் தேதி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தொடர் தெரியாதவர்களும் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே தனிக்கதையாக எழுதினார்கள். 1998இல் வந்த முதல் படத்துக்கு 6.6 கோடி டாலர் செலவிட்டவர்கள் இதற்குக் கொடுத்தது 3 கோடி. விண்கலமெல்லாம் அதில் முடியாது. திரைக்கதை முடிந்த சூட்டோடு 2007 நவம்பரில் எழுத்தாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது, டிசம்பரில் படப்பிடிப்பு. வேலைநிறுத்தம் நடக்கும்போது சங்க எழுத்தாளர்கள் திருத்தி எழுதக் கூடாது. வெளியீட்டுத் தேதியும் மோசம்: ‘தி டார்க் நைட்’ வந்த அடுத்த வாரம்.

பதில் 2:
பட்ஜெட்டைக் குறை சொல்ல மாட்டேன். தொடரின் நல்ல எபிசோடுகள் பல இரண்டு அறை, ஒரு டார்ச் லைட்டில் எடுத்தவைதானே. சிக்கல் எழுத்தில். தொடரின் முடிவில் மோல்டருக்கு மரண தண்டனை விதிக்கிறார்கள், தப்பி ஓடுகிறார். படத்தில் எஃப்பிஐ ‘உதவி செய், எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம்’ என்கிறது, அவ்வளவுதான்! சிறு வயதில் காணாமல்போன அவருடைய தங்கை சமந்தாவின் கதையை 7ஆம் சீசன் ‘குளோஷர்’ எபிசோடில் முடித்துவிட்டு, அந்தக் காயத்தை இங்கே மறுபடி கிளறுகிறார்கள். இப்போது மருத்துவராக இருக்கும் ஸ்கல்லி ஒரு நோயாளிச் சிறுவனுக்காகப் போராடும் கதையும் ரஷ்யர்களின் உறுப்புத் திருட்டும் தனித்தனியாகவே ஓடுகின்றன. அவள் அந்தச் சிறுவனுக்காக ஸ்டெம் செல் சிகிச்சையைத் தேடப்போய், தற்செயலாகத்தான் இரண்டும் ஒட்டுகின்றன. எஃப்பிஐயில் அவர்களின் பழைய மேலதிகாரி ஸ்கின்னர் வருவதோ கடைசிக் கட்டத்தில். ஆனால் அமானுஷ்யக் காட்சிகள் தெரிவதாகச் சொல்லும், குற்றப் பின்னணி கொண்ட பாதிரியாராக பில்லி கானலி அருமை. குற்றவாளிக்குத் தெய்வ அருள் கிடைக்குமா என்ற கேள்வி ஸ்கல்லியைக் குடைவதுதான் படத்தின் உயிர்.

பதில் 3:
டைரக்டர்ஸ் கட் இருக்கிறது, சுமார் 4 நிமிடம் கூடுதல். சதிக்கதை அதிலும் கிடையாது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் முதலில் 1ஆம் சீசன் 13ஆவது எபிசோட் ‘பியாண்ட் த சீ’ பாருங்கள். அங்கேயும் ஒரு குற்றவாளி, அமானுஷ்யப் பார்வை, ஸ்கல்லியின் நம்பிக்கை. பிறகு 9ஆம் சீசன் 16ஆவது எபிசோட் ‘வில்லியம்’. அதில் ஸ்கல்லி தன் மகனைத் தத்துக் கொடுத்தது நினைவில் இருந்தால்தான், அந்தச் சிறுவனின் அறுவை சிகிச்சையில் அவள் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறாள் என்பது புரியும்.

தொடர் மறுபடி தொடங்கிய 2016 சீசனில் 2012க்குப் பதில் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அதன் முதல் எபிசோடே சதியை மனிதர்கள் பக்கம் திருப்பிவிடுகிறது.