தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம்தானா?

கணக்குப்பிள்ளை:
நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி 2015-16இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 4.76 சதவீதம், 2019-21இல் 2.2 சதவீதம். இதைப் பகிர்ந்தால் ஒரே சிரிப்பு. சிரிக்கிறவர்கள் எதை வைத்துச் சிரிக்கிறீர்கள்?

உறையூரான்:
கணக்கு பொய் என்று சொல்ல வரவில்லை தம்பி. வேறு எதையோ அளந்துவிட்டு வறுமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு அம்சங்கள்: ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு... மாசம் எவ்வளவு வருது என்ற கேள்வி எங்கே? நூல் விலை ஏறித் தறி நின்றாலும் கழிப்பறை இடிந்துவிடாது, குறியீடும் அசையாது. சும்மா கிடக்கும் வங்கிக் கணக்கு மட்டும் வசதியில் சேர்த்தி!

கணக்குப்பிள்ளை:
வங்கிக் கணக்குக்கு 21இல் ஒரு பங்குதான் எடை அண்ணா; ஊட்டச்சத்துக்கு ஆறில் ஒரு பங்கு. குறைகளின் எடை மூன்றில் ஒரு பங்கை எட்டினால் ஏழை. விளிம்பில் நிற்கும் சில வீடுகளை வங்கிக் கணக்கு ஏழையில்லை என்ற பக்கம் தள்ளும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணத்தை வைத்து அளந்த லட்சணம் என்ன? மத்திய அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறையில் 2011-12க்கு வறுமைக்கோடு, ஒருவருக்கு மாதச் செலவு கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1000. 817 செலவழித்த கிராமத்துக்காரர் ஏழையில்லை! பிறகு வந்த ரங்கராஜன் குழு அதை 972, 1407 என்று ஆக்கியதும், அதே ஆண்டுக்கு நாட்டின் வறுமை 21.9 சதவீதத்திலிருந்து 29.5 ஆனது.

தறிக்காரர் மகள்:
அந்தக் கோடும் வருமானத்தை அளக்கவில்லை, செலவைத்தான் அளந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வருஷம் வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரியில் கட்டினோம். அப்போது சர்வேக்காரர் வந்திருந்தால் எங்கள் செலவு ஏறியிருக்கும், நாங்கள் முன்னேறிவிட்டதாக எழுதிக்கொண்டு போயிருப்பார். அம்மாவின் தோடு அடகில் இருந்தது.

உறையூரான்:
அதனால்தான் வருமானத்தைக் கேள் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
கேட்டால் யாருக்குச் சரியாகச் சொல்லத் தெரியும்? கூலி வாரத்துக்கு வாரம் மாறுகிறது. மகளிர் உரிமைத்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் என்று வைத்த அரசே, நிலம் எவ்வளவு, கரண்ட் ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டுகிறதா என்றும் பார்க்கிறது. வாயால் சொல்வதை மட்டும் வைத்து முடிக்கவில்லை.

தறிக்காரர் மகள்:
ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால்? எங்கள் தெருவில் வந்து பாருங்கள்.

உறையூரான்:
இதற்குத்தான் ஆளைப் பிரிக்காமலே கொடுத்துவிடணும். 1997இல் மத்திய அரசு ரேஷனில் வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லையே.

கணக்குப்பிள்ளை:
அது யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு அண்ணா, இது எப்படி அளப்பது என்ற பேச்சு. சரி, அக்கா சொன்ன கடனைப் பதின்மூன்றாவது அம்சமாகச் சேர்க்கட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் 2.2ஐப் பொய் என்று சொல்லாதீர்கள்.

உறையூரான்:
நான் எங்கே சொன்னேன்? மேலே போய் என் முதல் வரியைப் படிங்க.