தங்கச்சிக்கு பிடிஎஸ்: டீம்ட் காலேஜா, எம்ஜிஆர் யுனிவர்சிட்டி காலேஜா?

தஞ்சாவூர் அண்ணன்:
வணக்கம். தங்கச்சிக்கு நீட்ல கவர்மெண்ட் சீட் வர்ற அளவுக்கு மார்க் இல்ல, ஆனா பல் டாக்டர் தான் ஆகணும்னு எட்டாவதுல இருந்தே சொல்லிட்டு இருக்கா. இப்ப ரெண்டு காலேஜ் கையில இருக்கு. ஒண்ணு சென்னைல டீம்ட், அதாவது தனி யுனிவர்சிட்டி அந்தஸ்து இருக்கற காலேஜ், அவங்களே பேப்பர் எடுத்து அவங்களே திருத்துறதால மார்க் நல்லா வரும்ங்கறாங்க. இன்னொண்ணு கவர்மெண்டோட எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டிக்கு கீழ வர்ற பிரைவேட், ஊருக்கு பக்கம், அங்க அரியர் விழும்னு பயமுறுத்துறாங்க. அப்பா கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டப்போறார். எத பாத்து முடிவு பண்றது?

பல் டாக்டர் அக்கா:
தம்பி, மார்க்க விடுங்க. தியரில 50%, பிராக்டிகல்ல 50% தனித்தனியா எடுத்தா பாஸ், மேல எம்டிஎஸ் படிக்க போகணும்னாலும் நீட் எம்டிஎஸ் ஸ்கோர் தான் பேசும், பிடிஎஸ் மார்க்க யாரும் கேக்க மாட்டாங்க. ஓபி, அதான் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு தினமும் வர்ற பேஷண்ட் கூட்டம், எவ்ளோ வருதுன்னு பாருங்க. நான் படிச்ச காலேஜ்ல ஓபி காத்தாடும், ஆளுக்கு இத்தன கேஸ் பண்ணணும்ங்கற கோட்டா முடிக்க நாங்களே பஸ் ஸ்டாண்டுல போய் பேஷண்ட் கூப்பிட்டு வருவோம், பஸ் காசும் எங்க கைக்காசு தான். ஒரு செட் பல்லு கட்ட ஒரு தாத்தாவ அஞ்சு தடவ வரவைக்கணும், அவர் மூணாவது தடவையோட வரல, நான் அழுதுட்டேன். படிச்சு முடிச்சு கிளினிக்ல வேலைக்கு சேந்த முதல் வாரம் கீழ் கடவாப்பல் எடுக்கும்போது வேர் உடஞ்சு உள்ள நின்னுடுச்சு, கை நடுங்குது, அந்தம்மா என் கையவே பாக்கறாங்க, கடைசில சீனியர் வந்து எலிவேட்டர்ங்கற நெம்புற கருவி வச்சு எடுத்து விட்டார். அந்த பயம் போக ரெண்டு வருஷம் ஆச்சு.

ஃபைனல் இயர்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. அண்ணா, திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு சொல்லாம கொள்ளாம ரெண்டு காலேஜுக்கும் போய் ஓபில உக்காருங்க, எத்தன சேர்ல பேஷண்ட் இருக்காங்கன்னு எண்ணுங்க. சிஆர்ஆர்ஐ, அதாவது படிப்பு முடிச்சு ட்ரெய்னிங்ல இருக்கற பசங்கள டீக்கடைல பிடிச்சு, கடவாப்பல் ரூட் கெனால் நீங்க தனியா எத்தன பண்ணீங்கன்னு கேளுங்க, எம்டிஎஸ் படிக்கற பிஜி பசங்க இருக்கற காலேஜ்ல கஷ்டமான கேஸ் எல்லாம் அவங்களுக்கு போயிடும், பிடிஎஸ் படிக்கற யுஜிக்கு என்ன மிஞ்சுதுன்னு தெரியணும். கூட நின்னு சொல்லித்தர்ற ஸ்டாஃப் இருக்காங்களான்னும் கேளுங்க, வெறும் கூட்டம் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்ல.

தஞ்சாவூர் அண்ணன்:
ரொம்ப நன்றி அக்கா, தம்பி. அரியர் விழுந்தா வருஷம் போயிடுமா?

பல் டாக்டர் அக்கா:
ஒரு சப்ஜெக்ட் மட்டும் போனா அடுத்த வருஷ கிளாஸ்ல உக்காரலாம், ஆனா அத முடிச்சாதான் அடுத்த யுனிவர்சிட்டி எக்ஸாம் எழுத விடுவாங்க. ரெண்டு போனா தான் சிக்கல். முதல் வருஷம் அனாடமி, ஃபிசியாலஜி தான் நிறைய பேர கவுக்கும், அதுல கவனமா இருக்க சொல்லுங்க. எக்ஸாம் டைட்டுன்னு அந்த காலேஜ ஒதுக்காதீங்க தம்பி.

தஞ்சாவூர் அண்ணன்:
அப்பாவுக்கு எல்லாத்தையும் படிச்சு காட்டுனேன். வர்ற திங்கள் பக்கத்து காலேஜ், அடுத்த திங்கள் சென்னை. தங்கச்சியும் கூட வர்றா, அவளே எண்ணட்டும்.