அந்த இணைப்பை யார் பிடித்துக்கொண்டு நிற்பது?

அம்மிக்கல்:
போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் மென்பொருளின் 15-ஆம் பதிப்பு வெளியீட்டுக் குறிப்பை மறுபடி படித்தேன், வயிறு எரிகிறது. பழைய 'எக்ஸ்க்ளூசிவ்' பேக்கப் முறையை நீக்கிவிட்டார்களாம், புது முறை எல்லாத் தேவைக்கும் மேலானதாம். எல்லாத் தேவைக்குமா? என் ஸ்கிரிப்ட் மூன்றே வரி: பேக்கப் தொடங்கு, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை ஓட்டு, பேக்கப் முடி. தொடங்குவதும் முடிப்பதும் தனித்தனியாக டேட்டாபேஸுக்குள் போய் வந்துவிடும். புது முறையில் தொடங்கிய இணைப்பு நகல் முடியும்வரை அறக்கூடாது. நான்கு மணி நேரம் யார் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

ராத்திரிஷிப்ட்:
போஸ்ட்கிரஸோடு பேசும் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல் பிடித்துக்கொள்ளும். அதற்குள்ளே பேக்கப்பைத் தொடங்கிவிட்டு, பின்சாய்கோடும் ஆச்சரியக்குறியும் போட்டு ஆர்சிங்கை அங்கிருந்தே ஓட்டுங்கள். அடுத்த வரியில் முடியுங்கள். அதே மூன்று வரிதான்.

பழைய முறையின் லட்சணத்தையும் சொல்கிறேன். பேக்கப் எங்கே தொடங்கியது என்று சொல்லும் பேக்கப் லேபிள் என்ற கோப்பு, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா டைரக்டரியிலேயே உட்கார்ந்திருக்கும். நடுவில் கரன்ட் போய்த் திரும்ப எழும்போது, சர்வர் அதைப் பார்த்துத் தன்னை யாரோ பேக்கப்பிலிருந்து மீட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். லேபிள் சொல்லும் பழைய டபிள்யூஏஎல் கோப்பு (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கோப்பு) அங்கே இல்லையென்றால் எழவே எழாது. எனக்கு அப்படி ஓர் அதிகாலை 3 மணி வாய்த்தது.

அம்மிக்கல்:
லேபிளை அழித்தால் எழுந்துவிடும். பிழைச் செய்தியே சொல்கிறது. கோப்பை அழிக்கும் ஒரு ஆர்எம் கட்டளைக்கு இவ்வளவு ஒப்பாரியா? நான் கேட்டது இணைப்பைப் பற்றி.

ராத்திரிஷிப்ட்:
செய்தியை முழுசாகப் படியுங்கள் ஐயா. பேக்கப்பிலிருந்து மீட்கவில்லை என்றால் மட்டும்தான் அழிக்கச் சொல்கிறது. உண்மையிலேயே மீட்கும்போது அழித்தால் சர்வர் சமர்த்தாக எழும், உள்ளே டேட்டா சிதைந்து கிடக்கும். தூக்கக் கலக்கத்தில் எவன் இதைப் பிரித்துப் பார்ப்பான்?

கத்துக்குட்டி:
தப்பென்றால் மன்னிக்கவும். போஸ்ட்கிரஸோடு வரும் பேக்கப் கருவி பிஜி பேஸ்பேக்கப் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளாதா?

அம்மிக்கல்:
தம்பி, வட்டின் அந்த நேர நிலையை அப்படியே பிடிக்கும் ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட் எடுக்கிறவனுக்கு அது எதற்கு? இன்னொரு இடத்தில் எங்கள் பேக்கப் மென்பொருள் முன்னால் ஒரு ஸ்கிரிப்டையும் பின்னால் ஒரு ஸ்கிரிப்டையும் தனித்தனியாகத்தான் கூப்பிடும். பின்சாய்கோட்டு வித்தை அங்கே செல்லாது. இணைப்பை யார் பிடிப்பது?

பழையசோறு:
2016-இல் 9.6 பதிப்பு வந்தபோதே இது போகப்போகிறது என்று ஆவணத்தில் எழுதிவிட்டார்கள். போனது 2022-இல். அண்ணன் ஆறு வருடமாக என்ன செய்துகொண்டிருந்தார்?

அம்மிக்கல்:
வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதை நம்பி, டேபிள்களின் குப்பையைத் தானே அள்ளும் ஆட்டோவேக்யூமை அணைத்தவர்கள் இன்னும் உங்களைத் தேடுகிறார்கள், தெரியுமா?

பழையசோறு:
ஒரு டேபிளுக்கு மட்டும் என்றுதான் சொன்னேன். அந்தப் பழைய விவாத இழையை எடுத்துப் போடுகிறேன், இருங்கள்.

ஈரக்கை:
இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் பக்கமும் இதே கதைதான். அதன் இன்னோடிபி மெம்கேஷ்ட் ப்ளகின் என்ற துணைநிரலுக்கு 8.0.22 பதிப்பில் நீக்கப்போவதாக எச்சரிக்கை, 8.3-இல் கதை முடிந்தது. எஸ்கியூஎல் எழுதாமல் கீயைக் கொடுத்து வேல்யூவை வாங்கலாம், அவ்வளவு வசதி. பயன்படுத்தியவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

அம்மிக்கல்:
ஒருவன் என்று யார் எண்ணினார்கள்? போஸ்ட்கிரஸ் யார் வீட்டிலிருந்தும் தகவல் சேகரிப்பதில்லை. மெயிலில் வந்து கத்தாதவன் எல்லாம் இல்லாதவன், இதுதான் இவர்கள் கணக்கு.

ராத்திரிஷிப்ட்:
கத்தியிருக்க வேண்டியதுதானே? பழைய முறை ஸ்டாண்ட்பை என்ற மாற்று சர்வரில் ஓடாது. ஒரு நேரத்தில் ஒரு பேக்கப்தான்.

அம்மிக்கல்:
என்னிடம் ஸ்டாண்ட்பையே கிடையாது.

ராத்திரிஷிப்ட்:
இதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்கள்.

கத்துக்குட்டி:
முன் ஸ்கிரிப்ட் ஒரு பிஎஸ்கியூஎல்லைப் பின்னணியில் விட்டுவிட்டு, பின் ஸ்கிரிப்ட் ஒரு பைப் (புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் குழாய்) வழியாக அதனிடம் முடிக்கச் சொன்னால் போதாதா? வீட்டுக் கணினியில் செய்து பார்த்தேன், ஓடியது.

அம்மிக்கல்:
அது நடுவில் செத்தால்?

ராத்திரிஷிப்ட்:
அந்த பேக்கப் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். சர்வர் அதுபாட்டுக்கு ஓடும்.

அம்மிக்கல்:
ஆக, இணைப்பு அறுந்தால் நான்கு மணி நேரம் தண்டம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் முடிக்கும்போது அது தருகிற லேபிளை நகலுக்குள் நானே எழுதி வைக்க வேண்டுமாம். மறந்தால்? நான் 14-இலேயே இருந்துகொள்கிறேன்.

பழையசோறு:
இழை கிடைத்துவிட்டது. 'ஒரு டேபிளுக்கு மட்டும்' என்று தெளிவாக இருக்கிறது, பாருங்கள்.

அம்மிக்கல்:
பார்த்தேன். அடியில் 'திருத்தப்பட்டது' என்றும் இருக்கிறது.