மண்தட வண்டி, சாலை வண்டி: இரு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டர்ட் பைக் (மண்ணில் ஓட்டுவதற்கான மோட்டார் சைக்கிள்), ஸ்ட்ரீட் பைக் (சாலையில் ஓட்டுவது) என்று நாம் அன்றாடம் சொல்லும் இரு வகை வண்டிகளுக்கும் தமிழ்ப் பெயர் தேடி நம் குழுவில் தொடங்கிய உரையாடலில், டர்ட் பைக்குக்கு இதுவரை புழுதியுந்து, கரட்டுந்து, காட்டுந்து, மண்வண்டி, தடமிலி என ஐந்து சொற்கள் வந்துள்ளன. ஐந்தையும் இரண்டு நாள் மனத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது. ஆயினும், வண்டியை ஓட்டும்போது கைக்கும் காலுக்கும் தெரிகிற வேறுபாட்டை எதுவும் முழுமையாகத் தொடவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆகவே முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு சொல்லுக்கு வருகிறேன்.

நான் பெங்களூரில் வாழ்பவன். வண்டி ஓட்டப் பழகியது கோலார் தங்கவயலில், மாமாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியில். 98 சி.சி., 11 குதிரைத்திறன், ஏறத்தாழ 100 கிலோ எடை, அவ்வளவுதான். ஆனால் சயனைடு மேடுகளை (தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண் குன்றுகளை) ஒட்டிய பாதைகளில் அந்தச் சிறிய இரு வீச்சுப் பொறி (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்) காட்டிய துடிப்பை இன்றைய வண்டிகள் பலவற்றில் நான் காணவில்லை. மாமா அந்தப் பாதைகளை எப்போதும் ‘மண்ரோடு’ என்றுதான் சொல்வார். பின்சக்கரத்துக்கு மட்டும் பட்டன் டயர் (மண்ணைப் பிடிக்கக் குமிழ் குமிழாகப் புடைத்த டயர்) போட்டிருந்தார். அது தெருவுக்காகச் செய்த வண்டி. மண்ணுக்கு அதைப் பழக்கியது அவருடைய கை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேலைக்கு வந்த பிறகு கே.டி.எம். டியூக் 200 என்ற சாலை வண்டியை வாங்கினேன். இரு சக்கரங்களும் 17 அங்குலம், அகன்ற டயர், இறுக்கமான சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கும் அமைப்பு). ஓசூர் சாலையின் மேம்பாலத்தில் அதிகாலையில் அதை ஓட்டும்போது, நினைத்த இடத்தில் நினைத்த கணத்தில் சாயும். தார் நகராது, டயர் அதைப் பற்றிக்கொள்ளும் என்ற ஒரே நம்பிக்கையின் மேல்தான் சாலை வண்டியின் வடிவமைப்பு முழுவதும் நிற்கிறது. முன் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னால் சரிந்து முன் டயரை இன்னும் ஆழமாகத் தரையில் பதிக்கிறது. அதனால்தான் சாலையில் நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன் பிரேக்கே செய்கிறது. வளைவில் உடல் வண்டியோடு சேர்ந்து உட்பக்கம் சாய்கிறது.

அதன் பின் மண்ணிலும் சாலையிலும் ஓடும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2019-இல் வந்தபோது அதன் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அமுங்கு தூரம் (அதிர்ச்சியில் சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய அளவு) 190 மில்லிமீட்டர், பின்பக்கத்தில் 170. அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி. சக்கரம் பெரிதானால் கல்லின் மீது மோதும் கோணம் தாழ்கிறது. 17 அங்குலச் சக்கரம் முட்டி நிற்கும் கல்லை 21 அங்குலச் சக்கரம் ஏறிக் கடக்கிறது. அலாய் வார்ப்புக்குப் பதில் கம்பிச் சக்கரம் இருப்பதும் இதற்காகவே: அடி விழுந்தால் கம்பி வளைந்து கொடுக்கும், வார்ப்பு விரிசல் விடக்கூடும். இராமநகரத்துப் பாறைகளுக்கு இடையே செல்லும் ஊர்ப் பாதைகளில் இவ்வண்டியை ஓட்டியபோது, டியூக்கில் என் முதுகெலும்பு செய்த வேலையை இங்கே சஸ்பென்ஷன் செய்கிறது என்பது முதல் பத்து நிமிடத்திலேயே விளங்கியது.

ஆனால் மண்ணுக்கென்றே பிறந்த வண்டி எது என்பதை அறிய, கோலார்ப் பக்கத்தில் உள்ள ஒரு பயிற்சித் திடலில் இரண்டு நாள் 250 சி.சி. மோட்டோகிராஸ் (மண் தடத்தில் நடக்கும் பந்தயம்) வண்டி ஒன்றை ஓட்ட வேண்டியிருந்தது. அதில் விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, வேகமானி இல்லை. எடை 100 கிலோவுக்குச் சற்று மேல். அமுங்கு தூரம் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். இருக்கை இடுப்புக்கு மேலே நிற்கிறது. இரு கால்களையும் ஒருசேர ஊன்ற என்னால் முடியவில்லை. அது உட்கார்வதற்கான இருக்கையே அன்று என்பது பிறகுதான் புரிந்தது. பெரும்பாலான நேரம் கால்தாங்கிகளின் மேல் நின்றுதான் ஓட்ட வேண்டும். முழங்கால் மடிந்து நிமிர, வண்டி கீழே தன் போக்கில் துள்ளுகிறது.

முதல் வளைவிலேயே விழுந்தேன். தாரில் பழகிய உடம்பு தானாகவே உட்பக்கம் சாய்ந்தது. முன்சக்கரம் மண்ணோடு சேர்ந்து வெளியே வழுக்கிப் போய்விட்டது. பயிற்சியாளர் சொன்னது தலைகீழ்ப் பாடம்: வண்டியை மட்டும் கீழே சாய்க்க வேண்டும், உடல் நிமிர்ந்து வெளிப்பக்கம் இருக்க வேண்டும், எடை முழுவதும் வெளிப்பக்கக் கால்தாங்கியில் இறங்க வேண்டும். அப்போதுதான் டயரின் குமிழ்கள் மண்ணுக்குள் அழுந்திப் பிடிக்கும். பிரேக்கும் அப்படித்தான். முன் பிரேக்கை ஒரு விரலால் தொட்டால் போதும். பின்சக்கரத்தைப் பூட்டினாலோ, அது நழுவியபடியே மண்ணை உழுது வண்டியின் வேகத்தைத் தின்கிறது. வண்டியின் முகத்தைத் திருப்பவும் அந்த நழுவலே உதவுகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுத்து, சாலையில் உயிர் காக்கும் ஏ.பி.எஸ். கருவியின் பின்சக்கரப் பங்கை, மண்ணில் ஓட்டுபவர்கள் அணைத்து வைப்பதற்கு இதுவே காரணம். காற்றழுத்தமும் மாறுகிறது: சாலையில் 30 பி.எஸ்.ஐ. அளவில் வைக்கும் டயரை, மண்ணில் 12 முதல் 15 வரை இறக்கினால் அது தரையின் மேல் பரந்து படிகிறது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், சொல்லின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது. சாலையில் தரை அசையாது, டயர் ஒட்டுகிறது. மண்ணில் தரையே அசைகிறது, டயர் கடிக்கிறது. சக்கரம், சஸ்பென்ஷன், எடை, நிற்கும் முறை, பிரேக் பிடிக்கும் முறை எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. ஆகையால் நம் சொல்லில் ‘மண்’ இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வந்த சொற்கள். ‘புழுதி’ என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்ற குறளில் அது உழுது புரட்டிய நிலத்து மண்ணைக் குறிக்கிறது. புழுதி உழவு என்று உழவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பழைய பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் இன்று புழுதி என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது வண்டிக்குப் பின்னால் எழும் தூசிதான், சக்கரத்துக்குக் கீழே இருக்கும் மண் அன்று. ஆகஸ்டு மாதச் சேற்றில் ஓடும்போதும் அதைப் புழுதியுந்து என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. வருத்தத்தோடுதான் இதை ஒதுக்குகிறேன்.

‘கரடு’ கொங்கு நாட்டில் கல் நிறைந்த சிறு குன்று. கல் அசையாத் தரை. அதன் மேல் ஏறி இறங்கும் ட்ரையல்ஸ் வகை வண்டி தனி இனம். கரட்டுந்து என்ற சொல்லை அதற்கென்றே ஒதுக்கி வைக்கலாம். ‘காடு’ இரு காரணங்களால் வேண்டாம். ஒன்று, கொங்கு வழக்கில் காடு என்பது மானாவாரி விளைநிலம். மற்றவர்களுக்கு அது வனம். மற்றொன்று, காப்புக் காடுகளுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது குற்றம், விலங்குகளுக்கும் கேடு. ஒரு வண்டியின் பெயரே தவறான இடத்துக்கு அழைப்பு விடுப்பதுபோல் அமையக் கூடாது. ‘தடமிலி’ கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மோட்டோகிராஸ் ஓடுவது மேடும் பள்ளமுமாகத் திட்டமிட்டு அமைத்த தடத்தில்தான். தடம் இல்லாமல் அந்தப் போட்டியே இல்லை.

‘மண்வண்டி’ இலக்குக்கு மிக அருகில் வந்து தவறுகிறது. தமிழில் வண்டி என்ற சொல்லின் முன் ஒரு பொருள் வந்தால், அதைச் சுமக்கும் வண்டி என்றே காது எடுத்துக்கொள்கிறது: மணல் வண்டி, தண்ணீர் வண்டி, குப்பை வண்டி. விலங்கு வந்தால் இழுப்பது அது: மாட்டு வண்டி, குதிரை வண்டி. மண்வண்டி என்றால் மண் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிதான் கண்ணில் வரும். இடையில் ‘தடம்’ என்ற ஒரு சொல் நுழைந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. வண்டித்தடம் என்று கிராமங்களில் சொல்வது, தார் போடாத, சக்கரம் பதிந்து பதிந்து உண்டான மண்பாதையைத்தான். என் மாமாவின் மண்ரோடும் இதுவே. எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தார் ‘மண்ணின ரஸ்தே’ என்பதும் இதுவே. ஆகவே என் முன்மொழிவு: டர்ட் பைக்குக்கு மண்தட வண்டி.

புணர்ச்சி விதிப்படி இது மட்டடம் என்று ஆக வேண்டுமே என்று இலக்கணம் அறிந்த நண்பர்கள் கேட்பார்கள். மட்பாண்டம், மட்குடம் என்ற வரிசையில் அது சரிதான். ஆனால் மண்பானை, மண்சட்டி என்று எல்லாரும் இயல்பாக எழுதுகிறோம், யாருக்கும் பொருள் தடுமாறவில்லை. மட்டடம் என்று எழுதினால் மண் காணாமற் போகிறது. கலைச்சொல்லில் பொருள் தெரிவதற்கு முன்னுரிமை தர வேண்டுகிறேன்.

உந்து, வண்டி ஆகியவற்றில் எது என்ற கேள்வியும் எழுந்தது. பேருந்து நிலைத்துவிட்டது, அதனால் உந்து என்ற ஈறு வலிமையானது என்று மும்பை நண்பர் எழுதியிருந்தார். ஈழத்து நண்பர்கள் மோட்டார் சைக்கிளுக்கு உந்துருளி என்பதை இயல்பாகவே ஆள்கிறார்கள். அவர்கள் மண்தட உந்துருளி என்று சொல்வதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஜே.சி. சாலையில் உதிரிபாகம் வாங்கப் போனாலும், ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குக் கிளம்பினாலும், நம் வாயில் வருவது ‘வண்டி’தான். பேச்சில் ஏற்கெனவே வாழும் சொல்லை விட்டுவிட்டு வேறொன்றை நட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

ஸ்ட்ரீட் பைக்குக்குச் ‘சாலை வண்டி’ போதும். தார்த்தட வண்டி என்று இணையாகச் சொல்லலாமே என்று முதலில் நினைத்தேன். பெங்களூரில் தெருத்தெருவாகக் கான்கிரீட் பூசிக்கொண்டிருக்கும்போது தாரை மட்டும் பெயரில் வைப்பது சரியாகாது. எல்லா வண்டியும் சாலை வண்டிதானே என்ற மறுப்புக்குச் சட்டமே விடை தருகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட முடியாது. விளக்கும் கண்ணாடியும் இல்லாத மோட்டோகிராஸ் வண்டி பதிவுக்கே தகுதி பெறாது. அதைத் திடல்வரை வேறொரு வண்டியில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும்.

அப்படியானால் எக்ஸ்பல்ஸ் எங்கே நிற்கிறது? அதைத்தான் நம்மில் பலர் டர்ட் பைக் என்கிறோம். பதிவெண் உண்டு, விளக்கு உண்டு, எடை 150 கிலோவுக்கு மேல். 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் இன்னும் கனமானது, 180 கிலோவைத் தாண்டும். அதன் 200 மில்லிமீட்டர் முன் அமுங்கு தூரமும் 21 அங்குல முன்சக்கரமும் மண்ணை நோக்கியவை, பொறியும் இருக்கையும் நெடுஞ்சாலையை நோக்கியவை. இவற்றுக்கு மூன்றாவது சொல் தேவை. இருதட வண்டி என்று நான் எழுதி வைத்திருந்தேன். வாகன வடிவமைப்பில் பணிபுரியும் நண்பர் ஒருவர் தடுத்தார்: சக்கரங்கள் தரையில் பதிக்கும் தடங்களை எண்ணி, இரு சக்கர வண்டியை ஒருதட வாகனம் என்றும் காரை இருதட வாகனம் என்றும் பிரிப்பது பொறியியல் வழக்கு. அவர் சொன்னது நியாயம். அதனால் கலப்புத்தட வண்டி என்று மாற்றியிருக்கிறேன். மாமாவின் ஆர்.எக்ஸ். 100, இந்தக் கணக்கில், பட்டன் டயர் போட்ட பின்னும் சாலை வண்டியே. டயர் வண்டியின் இனத்தை மாற்றுவதில்லை.

இச்சொற்கள் வீண் ஆசைக்காக அல்ல. பாலைவனங்களைக் கடக்கும் நெடும்பந்தயமான டக்கார் பேரணியில் ஓடிய முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ் பெங்களூர்க்காரர், 2015-இல் 36-ஆம் இடத்தில் முடித்தார். 2019-இல் கரடுமுரடான நிலத்தில் நடக்கும் பாஹா பந்தயங்களின் உலகக் கோப்பையில் மகளிர் பட்டம் வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸேவும் இந்த ஊர்தான். அவர்களைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால், எந்த வகை வண்டி என்று சொல்லும் இடத்திலேயே பேனா நின்றுவிடுகிறது. தங்கை மகள் பள்ளிக்காக அப்படி ஒரு கட்டுரை எழுதியபோதுதான் எனக்கு இது உறைத்தது.

மேலே ‘அமுங்கு தூரம்’ என்று சஸ்பென்ஷன் டிராவலுக்கு நானாகவே ஒரு சொல்லைப் போட்டிருக்கிறேன். பட்டன் டயரை அப்படியே விட்டுவிட்டேன். மெக்கானிக் கடையில் அதுவே புழங்குகிறது. குமிழ் டயர் என்று மாற்ற விரும்புகிறவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். சஸ்பென்ஷனுக்குத் தொங்கல், தாங்கமைப்பு என இரு சொற்கள் முன்பே நம்மிடம் இருக்கின்றன. எதை ஏற்பது என்பது முடிவானால், அமுங்கு தூரத்தையும் அதோடு சேர்த்து வரும் ஞாயிறுக்குள் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து ஓர் உறுப்பினர்