எழுத்துப் பெட்டியின் ரகசிய அறை திறக்கவில்லை, யாராவது உதவுங்கள்

வணக்கம். போன மாதம் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் பழைய எழுத்துப் பெட்டி ஒன்று வாங்கினேன். மூடினால் பெட்டி, விரித்தால் சாய்வு மேசை. துரைமார் பயணத்தில் கூடவே கொண்டுபோய்க் கடிதம் எழுதிய வகை. மகோகனி மரம், மூலைகளில் பித்தளை. பூட்டில் கிரீடமும் 'வி.ஆர்.' (விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா ராணி) என்ற எழுத்துகளும் இருப்பதால் விக்டோரியா ராணி காலம் (1837–1901) என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் மைக்கூடு நிற்கும் குழியின் பக்கச் சட்டத்தை மேலே இழுத்தால், பேனாத் தட்டுக்கு அடியில் உள்ள மெல்லிய பலகை ஸ்பிரிங் விசையில் சட்டென்று விலகும். பின்னால் இரண்டு மூன்று குட்டி இழுப்பறைகள் இருக்கும். என் பெட்டியில் அந்தப் பக்கத்தின் உயரம் 9 செ.மீ., பேனாத் தட்டின் ஆழமோ 2 செ.மீ.தான். மீதி எங்கே போனது? போதாததற்கு, குலுக்கினால் உள்ளே ஏதோ உருள்கிறது. தங்கக் காசு என்கிறாள் மனைவி. பழைய நிப்பாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

சட்டம் ஒரு நூல் அளவு அசைகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. மழை ஈரத்தில் மரம் உப்பியதா, ஸ்பிரிங் துருப்பிடித்ததா தெரியவில்லை. பார்க்க வந்த ஆசாரி உளியை எடுத்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எண்ணெய் விடலாமா? கறை ஏறிவிடுமோ என்று பயம். இப்படி ஒன்றைத் திறந்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள். மதுரை, திருச்சிப் பக்கம் பழைய மரச்சாமானைப் பக்குவமாகக் கையாளும் ஆள் இருந்தாலும் சொல்லுங்கள். படங்கள் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.