தக்கையும் கம்பியும்: பழைய விமானத்தோடு பழகியவர்களின் அனுபவங்கள்

பழைய விமானத்தில் அப்படி என்ன சுகம் என்று கேட்பவர்களுக்கு நான் வாயால் பதில் சொல்வதில்லை. கூட்டிக்கொண்டு போய்ப் பெட்ரோல் மீட்டரைக் காட்டுவேன்.

எங்களுடையது 1946-இல் செய்த பைப்பர் ஜே-3 கப். நான்கு பேர் சேர்ந்து வாங்கியது. பென்சில்வேனியாவில் ஒரு புல்தரைத் திடலில் நிற்கிறது. அது பிறந்த லாக் ஹேவன் ஊரும் இதே மாநிலம்தான். மஞ்சள் உடம்பு, பக்கவாட்டில் கறுப்பு மின்னல் கோடு, 65 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின். பேட்டரி இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. முன் கண்ணாடிக்கு வெளியே பெட்ரோல் டேங்கின் மூடி தெரியும். மூடியில் ஒரு துளை, துளை வழியே ஒரு கம்பி. கம்பியின் அடியில், டேங்குக்குள், ஒரு தக்கை மிதக்கிறது. பெட்ரோல் குறையக் குறையத் தக்கை இறங்கும், கம்பியும் கூடவே இறங்கும். பறக்கும்போது அந்தக் கம்பி கண்ணெதிரே மெல்லத் துள்ளிக்கொண்டே இருக்கும். மீட்டர் என்பது அவ்வளவுதான். ஒரு முறை தக்கை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போய்க் கம்பியைச் சீக்கிரமே இறக்கிவிட்டது. தீர்ந்துவிட்டது என்று பதறி இறங்கிப் பார்த்தால் டேங்கில் பாதிக்கு மேல் இருக்கிறது. தக்கையை மாற்றினோம். அன்றிலிருந்து கைக்கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன்: டேங்க் 12 கேலன், மணிக்கு நாலரை கேலன் குடிக்கும்.

இந்த விமானத்தில் எதுவும் மூடி மறைக்கப்படவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. ஓட்டும் ஸ்டிக்கை அசைத்தால் எந்தக் கம்பி எந்தக் கப்பி வழியாகப் போய் எதை இழுக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஸ்டார்ட் செய்வது தனி வேலை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து குதிகாலால் பிரேக்கை அழுத்திக்கொள்வார், கப்பில் பிரேக் குதிகாலுக்குத்தான். இன்னொருவர் வெளியே ப்ரொப்பெல்லர் பக்கம். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வாலைக் கயிற்றால் கட்டியிருப்போம். "ஸ்விட்ச் ஆஃப்?" என்று வெளியிலிருந்து கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் தலைக்கு மேலே இடதுபுறம் இருக்கும் ஸ்விட்சைக் கண்ணால் பார்த்துவிட்டு "ஆஃப்" என்று சொல்ல வேண்டும். பார்க்காமல் சொல்லவே கூடாது. பெட்ரோல் உள்ளே இழுபட நாலைந்து முறை மெதுவாகச் சுற்றிவிட்டு, "பிரேக்? கான்டாக்ட்?" என்று கேட்டு (கான்டாக்ட் என்றால் ஸ்விட்ச் ஆன்), அதே பதில் திரும்பி வந்த பிறகு, ஒரே வீச்சில் கீழே இழுத்துவிட்டு விலகிவிட வேண்டும். விரலை மடக்கி அலகைப் பிடிக்கக் கூடாது. விரல் நுனிகள் மட்டும் படியலாம். மோதிரம், துப்பட்டா, தொங்கும் சட்டை எதுவும் ஆகாது. ஸ்விட்ச் ஆஃப் என்று சொன்னாலும், அது எந்த நொடியும் கிளம்பிவிடும் என்று நினைத்தே தொட வேண்டும். பதினைந்து வருடம் ஆகிவிட்டது, இன்றும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கை வேர்க்கிறது. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் நம்பிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வேகம் மணிக்கு 75 மைல். எதிர்காற்று பலமாக அடித்தால் கீழே நெடுஞ்சாலையில் லாரி முந்திக்கொண்டு போகும். கோடையில் கதவைத் திறந்தே பறப்போம். மேல்பாதி இறக்கையோடு மாட்டிக்கொள்ளும், கீழ்ப்பாதி மடங்கித் தொங்கும். எண்ணூறு அடியில் போனால் வைக்கோல் அறுத்த வாசனை வரும். இன்னொன்று, வேகம் குறைந்து விமானம் மிதக்க முடியாமல் போகும் நேரம் நெருங்கினால், தொங்கிக்கொண்டிருக்கும் கீழ்க் கதவு தானாக மேலே எழும்பும். எச்சரிக்கை மணி இல்லாத விமானத்தில் கதவே அந்த வேலையைச் செய்கிறது.

ஒரு ஏப்ரல் மாதம், ஈரப்பதமான காலை, குளிர்கூட அதிகமில்லை. இன்ஜின் சுற்று மெல்ல மெல்ல இறங்கியது. பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கிறது. வெயில் நாளிலும் பிடிக்கும், காற்றில் ஈரம் இருந்தால் போதும். சூடான காற்றுக்கான குமிழை இழுத்தேன். இழுத்ததும் இன்ஜின் இன்னும் மோசமாக இருமியது. உருகிய தண்ணீர் உள்ளே போவதால் வரும் இருமல் அது. அந்த நேரத்தில் பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன். இருபது விநாடி இருக்கும், சத்தம் சீரானது. புதிதாகக் கற்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்த விஷயம் வேறு. ஒவ்வொரு ஜூனிலும் லாக் ஹேவனில் கப் விமானங்கள் கூடும். 2014-இல் நாங்களும் போயிருந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் பழைய நோட்டுப் புத்தகத்தோடு, வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு விமானத்தின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் விமானத்தின் முன்னால் நின்றவர் நகரவில்லை. அந்த நோட்டு அவருடைய அப்பாவின் லாக்புக், பறந்த ஒவ்வொரு முறையையும் எழுதி வைக்கும் புத்தகம். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசாங்கம் படிப்புச் செலவு கொடுத்த காலம். அந்தப் பணத்தில் பறக்கக் கற்றுக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள், அந்த அப்பா அதில் ஒருவர். 1947-இல் அவர் பாடம் படித்த விமானத்தின் எண்ணும் எங்களுடையதும் ஒன்று. ஒரே வித்தியாசம், லாக்புக்கில் 'என்சி' என்று தொடங்கியது. 1948 முடிவோடு அமெரிக்க விமான எண்களில் அந்த 'சி'யை எடுத்துவிட்டார்கள், இப்போது 'என்' மட்டும்தான். விமானத்தின் கைமாறிய வரலாறு முழுவதையும் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் பதிவேட்டிலிருந்து குறுந்தட்டாக வாங்கி வைத்திருந்தேன். முதலில் வாங்கியது நியூயார்க் மாநிலத்தின் தெற்கே ஒரு சின்ன ஊர்ப் பறக்கும் பள்ளி. லாக்புக்கிலும் அதே பள்ளிதான்.

அவருடைய அப்பா காரில் உட்கார்ந்திருந்தார். வயது 88. முன் இருக்கையில் அவரை ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது. கப்பில் தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும், எடைச் சமநிலை அப்படி. அதனால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. தொப்பி, காது, கழுத்து, இடது கை, இவ்வளவுதான் தெரிந்தது. மேலே ஏறி நேரானதும் அந்த இடது கை, தலை திரும்பாமலேயே, சுவரோரம் கீழே இருக்கும், மூக்கு ஏறாமல் இறங்காமல் நிற்கச் சரிசெய்யும் ட்ரிம் கைப்பிடியைத் தேடிப் போய் அரைச் சுற்று சுற்றியது. ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாலும் விமானம் அப்படியே நேராகப் பறந்தது. நான் அதை வைத்திருந்த இடத்தைவிடச் சரியான இடம்.

* * *

ஒஹாயோவிலிருந்து எழுதுகிறேன். அண்ணா, கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன்.

நான் ஓட்டுபவள் இல்லை, விமானத்தின் சட்டகத்துக்கு மேலே துணி போடுபவள். என் கணவரும் நானும் ஏரான்கா சாம்ப் 7ஏசி என்ற பழைய விமானம் ஒன்றை எடுத்துப் புதுப்பித்தோம். இதே மாநிலத்தில் மிடில்டவுனில் செய்த விமானம். கப்பைவிடச் சாம்ப்பில் முன்னால் நன்றாகத் தெரியும், தனியாகப் பறப்பவர் முன்னாலேயே உட்காரலாம். இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

பழைய துணியைக் கிழித்தபோது உள்ளே எலிக்கூடு. எலியின் மூத்திரம் பட்ட இடத்தில் இறக்கையின் அலுமினிய விலா எலும்புகள் அரித்துப்போயிருந்தன. முன்பு துணி போட்டவர்கள் ஒட்ட வேண்டிய இடத்தில் பாதிதான் ஒட்டியிருந்தார்கள். இதில்தான் இத்தனை வருடம் ஆட்கள் பறந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அந்தக் காலத்தில் பருத்தித் துணி. இப்போது பாலியெஸ்டர். அதைத் தளர்வாகப் போட்டு ஒட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியால் சுருக்க வேண்டும். முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு 300, கடைசியில் 350. சூடு தப்பினால் துணி கெட்டுவிடும், அதனால் பெட்டியைத் தெர்மாமீட்டர் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் தொடுவோம். கடைசிச் சூட்டில் துணி இறுகி, விரலால் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வரும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த நிமிடம் அது.

அதன் பிறகு தையல். இறக்கையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நீள ஊசி போக வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர். மெழுகு பூசிய நூல், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு, நழுவாத முடிச்சு. ப்ரொப்பெல்லர் காற்று நேராக அடிக்கும் இடத்தில் தையல் நெருக்கமாக இருக்க வேண்டும். முடிச்சைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் எழுபதைத் தாண்டிய மெக்கானிக். பூத் தொடுத்துப் பழகிய கை என்பதால் எனக்கு மூன்றாவது முடிச்சிலேயே வந்துவிட்டது. அவர் என் விரல்களைத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே வெள்ளிப் பூச்சு கட்டாயம். அதில் இருக்கும் அலுமினியத் தூள் வெயிலைத் தடுக்கிறது. துணிக்கு வெயிலைப் போல எதிரி இல்லை. ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை கட்ட முடியாது என்றால் துணி விமானம் வாங்காதீர்கள், தயவுசெய்து.

மர உத்தரத்தில் பென்சிலால் யாரோ எழுதிய ஒரு எண் இருந்தது. தொழிற்சாலையில் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். அதன் மேல் வார்னிஷ் மட்டும் அடித்துவிட்டுத் துணியை மூடினோம்.

* * *

நான் இங்கிலாந்து. சொந்தமாக விமானம் கிடையாது. பிறந்தநாளுக்கு வீட்டில் பணம் கட்டி டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பயணிக்கு முன் இருக்கை, திறந்த காக்பிட், முகத்தில் நேராகக் காற்று. தக்கை என்றதும் நினைவு வந்தது: இதிலும் டேங்க் மேல் இறக்கையில், மேலே ஒரு கண்ணாடிக் குழாயில் மிதவை. இறக்கைகளுக்கு நடுவில் உள்ள தூணில் ஒரு சின்னத் தகடு. காற்று அதைப் பின்னால் தள்ளத் தள்ள, அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் வேகம். பழைய டைகர் மாத்துக்குப் பிரேக்கே கிடையாது, வாலில் சக்கரமும் கிடையாது, வெறும் கட்டை. அதனால்தான் புல்தரை.

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும், அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு எடுத்து வந்ததும் டைகர் மாத்தைச் செய்த அதே டி ஹேவிலண்டு கம்பெனியின் பஸ் மாத் விமானத்தில்தான். அதே பயணத்தை 1982-இல் தம் 78 வயதில் லெபர்ட் மாத்தில் டாடா திரும்பச் செய்தார்.

பழைய விமானங்களின் அருங்காட்சியகம் இருக்கும் ஓல்ட் வார்டனில் 1909-ஆம் வருட பிளேரியோ விமானத்தையும் பார்த்தேன். காற்று முழுக்க அடங்கினால்தான் அதை வெளியே எடுப்பார்கள். மாலை முழுவதும் கூட்டம், காற்றின் வேகத்தைக் காட்டக் கம்பத்தில் மாட்டியிருக்கும் காற்றுப்பையையே பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் பை தொங்கியது. கிளம்பி, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி, நேராகப் போய், திடலின் அந்த முனையில் இறங்கிவிட்டது. திரும்பக்கூட இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரும் பேசவில்லை.

அந்தப் பெரியவர் அதன் பிறகு பறந்தாரா?

* * *

இல்லை. அது ஒன்றுதான். 2016-இல் காலமானார் என்று மகன் எழுதினார்.

தங்கை, துணி பற்றி எழுதியதற்கு நன்றி. எங்கள் கப்பின் இடது இறக்கையை வரும் குளிர்காலத்தில் பிரிக்கப் போகிறோம். ஊசியோடு வர முடியுமானால் சொல்லுங்கள்.

அன்று இறங்கியதும் லாக்புக்கைக் கேட்டு வாங்கினேன். நான் பயிற்சியாளர் என்பதால் அதைப் பாடமாகவே எழுதிக் கையெழுத்துப் போட முடிந்தது. 1947 செப்டம்பரில் கடைசி வரி. படிப்புப் பணம் தீர்ந்தது, கல்யாணம், பால் பண்ணை; அவ்வளவுதான் சொன்னார். அதற்கு அடுத்த வரியில்தான் 2014-ஐ எழுதினோம். நிமிடத்தையும் ஊரையும் நான் எழுதினேன். விமான எண்ணை மட்டும் அவரே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். 'என்சி' என்று ஆரம்பித்து எழுதினார்.